கரைந்துபோன பொத்தான்

மருந்துக்கடை மாடியில் நூல் மகான் வந்து உட்கார்ந்த நாள்முதல், கீழே கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். மாடிப்படி முழுக்கத் தலைகள். கழுத்தில் கட்டி, தொடையில் கட்டி, வெளியே சொல்லக் கூசும் இடத்தில் கட்டி. மகான் யாரையும் தொடமாட்டார். துணிக்கு மேலேயே நூல் வைத்துக் கட்டியை அளந்து கத்தரிப்பார். மறுவாரம் புது நூலைப் பழையதோடு சேர்த்துப் பிடித்துக் காட்டுவார். புதியது குட்டையாக இருக்கும். கூட்டத்துக்குப் புல்லரிக்கும்.

தையல்காரிக்கும் புல்லரித்தது. ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறவள், தன் மார்பில் வந்த கட்டியை மட்டும் மகானின் நூலுக்கு விட்டுவிட்டாள். டாக்டர் ஏதாவது சொல்லிவிட்டால் என்ற பயம். மகான் நல்லதைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை. எவ்வளவு சௌகரியம்!

"வலிக்குதா அண்ணி?" காஜா எடுத்துக்கொண்டே கேட்டாள் நாத்தனார்.

"துளிகூட இல்லடி. அப்புறம் என்ன பயம்?"

"வலிக்கலைன்னு சும்மா இருக்கக் கூடாதாம். புதுசா கட்டி வந்தாலே காட்டணும்னு நர்ஸ் சொன்னாங்க. உனக்குத் தோல்கூடக் குழி விழுந்திருக்கு."

"மகான் மூணு நூல் குறைச்சுட்டாரு. உன் நர்ஸ் எத்தனை குறைச்சா?"

மறுவாரம், தன் கையிலும் கட்டி என்று நாத்தனாரும் வரிசையில் நின்றாள்.

மூன்றாம் வாரம் மகான் அவளுடைய நூலைத் தூக்கிப் பிடித்தார். "பாதி கரைஞ்சுடுச்சு!"

"சத்தமா சொல்லுங்க. பின்னாடி கேக்கல," என்றாள் நாத்தனார்.

சத்தமாகச் சொன்னார், பாவம். அவள் சட்டைக் கையைச் சுருட்டினாள். உள்பக்கம் தைத்திருந்தது ஒரு கோட்டுப் பொத்தான். முழுசாக.

"பொத்தான் எப்படிங்க கரையும்?"

"நம்பிக்கையில்லாதவகிட்ட நூல் பொய் சொல்லும்!" என்றார் மகான். முன்வரிசையில் இரண்டு பேர் தலையாட்டக்கூடச் செய்தார்கள்.

"என்கிட்ட எங்க இருந்துச்சு நூல்? உங்க கையிலதானே இருந்துச்சு?"

தலையாட்டல் நின்றது. தையல்காரி எழுந்தாள்.

"அப்போ என்னோடது?"

மகான் மாடிப்படியைப் பார்த்தார், கூட்டம் விலகி வழிவிடுமா என்று. தையல்காரிக்கு அதுவே போதும். இத்தனை வாரத்தை வீணாக்கிவிட்டேனே என்று அழுதுகொண்டே நாத்தனாரின் கையைப் பிடித்துப் படியிறங்கினாள்.

"புற்றுதான்மா," என்றார் டாக்டர், சோதனை முடிவைப் பார்த்துவிட்டு. "ஆனா இன்னும் பரவல. குணமாக நல்ல வாய்ப்பு இருக்கு. இன்னும் ஆறு மாசம் நூல் அளந்திருந்தா இதைச் சொல்லியிருக்க மாட்டேன்."

சட்டை அரை அங்குலம் குறைந்தால் தையல்காரியிடம் எப்படிச் சண்டைக்கு வருகிறோம்! உடம்பில் கட்டி வந்தால் மட்டும் எவன் நூலை நீட்டினாலும் தலையாட்டுகிறோம். அந்தச் சண்டையில் பாதியை மகானிடம் போட்டுப் பார்த்தால் என்ன?