இவர் யார், மாப்பிள்ளை?

ஆராய்ச்சியாளரும் என் ஒரே மகளின் கணவருமான மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே முழங்கால் தவிர எல்லாம் நலம். நீங்கள் நலம் என்று மகள் சொன்னாள். நான் நலமா என்று நீங்கள் கேட்டதாகச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக உங்கள் அலுவலகக் கடிதம் வந்தது: “பள்ளிப்படிப்பைத் தாண்டாத பெண்களின் விடைகள் நம்பும்படி இல்லை. வீட்டில் உட்கார்ந்து நீங்களே நிரப்பினீர்களா? வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தராவிட்டால் கணக்கெடுப்பாளர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படும்.” கீழே உங்கள் கையெழுத்து. அழகான கையெழுத்து.

ஓய்வுபெற்றுச் சும்மா கிடந்தவனை, “மாமா, வாழ்க்கையில எதை மதிக்கிறீங்கன்னு வீடு வீடா கேட்கணும், அவ்வளவுதான்” என்று கூப்பிட்டது நீங்கள். கேட்டேன். மூன்று தெரு, நாற்பது வீடு, இரண்டு நாய், ஒற்றைச் செருப்பு நஷ்டம். உங்கள் முதல் கேள்வி: “இவர் புதியவற்றை முயன்று பார்ப்பவர். இவர் எந்த அளவுக்கு உங்களைப் போன்றவர்?” கல்லூரிப் பெண்கள், இவர் என்பது தாளில் மட்டுமே வாழும் ஆள் என்று புரிந்துகொண்டு, கன்னத்தில் விரல் வைத்து “ஓரளவு” என்றார்கள். ஏழாவதோடு நின்ற தையல்காரம்மாவோ மிஷினை நிறுத்திவிட்டு, சோபாவில் கிடந்த கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

“யாரு, இவரா? என்னை மாதிரியா? பதினெட்டு வருஷமா ஒரே பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கிற மனுஷன் சார்!”

“அம்மா, இவர்னா அவர் இல்ல...”

“அப்ப எவரு? அடுத்தவ புருஷனைப் பத்தி நான் எதுக்கு சார் பேசணும்?”

நியாயம்தானே? விளக்கிச் சொல்லலாமென்றால், “ஒரு சொல்கூடச் சேர்க்கக் கூடாது” என்று தடித்த எழுத்தில் அச்சடித்திருக்கிறீர்கள். வாயை மூடிக்கொண்டு “இல்லவே இல்லை” என்று குறித்தேன். பக்கத்து வீட்டிலும் இதே கதை, கணவர்தான் வேறு. கடைசியில் உங்கள் அட்டவணை, ‘படிப்புக் குறைந்த பெண்கள் புதியதை முயலும் துணிவை மதிப்பதில்லை’ என்கிறதாம். துணிவில்லாதது சோபாவில் படுத்திருக்கிறது, மாப்பிள்ளை! ஒரு பக்கம் படித்த மனைவிமாரையும் மறுபக்கம் படிக்காதவர்களின் கணவன்மாரையும் நிறுத்தி, ஒரே கோலால் அளந்துவிட்டு, உயர வித்தியாசத்துக்குப் படிப்புதான் காரணம் என்கிறீர்களே, பி.காமை இரண்டு தடவை எழுதித் தேறிய எனக்கே இது இடிக்கிறது. பட்டதாரிப் பெண் ஒருத்திகூட இந்தத் தப்பைச் செய்யவில்லை. அந்தப் பக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். நாற்பது தாளில் ஒன்றுகூடப் போலி இல்லை. இது சத்தியம்.

பேரனுக்கு முத்தம், மகளுக்கு ஆசி, உங்களுக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் சந்தேகமும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
நீக்கப்படக் காத்திருக்கும் மாமா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் அத்தை இதைப் படித்துவிட்டாள். ஒரு பட்டதாரிப் பெண் குறைந்ததால், நாற்பதாவது தாளை இரண்டு எம்.ஏ. முடித்த அவளிடம்தான் கொடுத்திருந்தேன். “இவர்னா நீங்க இல்லையா? நான் உங்களை நினைச்சுத்தானே எழுதினேன்!” என்கிறாள். எல்லாவற்றுக்கும் ‘இல்லவே இல்லை’யாம். ஆகவே மாப்பிள்ளை, உங்கள் சந்தேகம் சரி. நாற்பதாவது தாள் போலி. நானே உட்கார்ந்து நிரப்பினேன். என் பெயரை நீக்குங்கள், பரவாயில்லை. முதலில் அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள்.