மேகம் வீட்டில் துணி காயாது

அருப்புக்கோட்டையில் மழை பெய்யாததற்கு வானத்தைத் திட்டாத ஒரே மனிதர் மேகம்தான். வானத்துக்கு வேலை தெரியாது, தெரியாத ஆளைத் திட்டி என்ன ஆகப்போகிறது என்பது அவர் கட்சி. பஞ்சாலையில் நூல் அறுந்துபோகாமல் இருக்கக் காற்றில் ஈரம் ஏற்றிக்கொண்டே இருக்கவேண்டும். அந்த எந்திரத்தைப் பார்த்துக்கொள்கிற ஆள் அவர். மேகம் என்று யார் பெயர் வைத்தார்களோ, ரேஷன் கடைக்காரர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். எண்பதுகளின் கடைசியில், எனக்குக் கல்யாணமான புதிதில், ஒரே காம்பவுண்டில் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்தோம்.

காற்றில் எவ்வளவு ஈரம் என்று காட்டும் கண்ணாடிக் குழாய் ஒன்றை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அலைவார். பஸ்ஸில் ஏறினால் ஜன்னலில் அதைத் தொங்கவிட்டுப் பார்ப்பார். பாலவனத்தத்தில் ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நேரத்தில், "காத்து மொறுமொறுன்னு இருக்கு, இதுல எந்த நூலும் நிக்காது" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிவிட்டார். பக்கத்திலிருந்தவர் பெண்ணின் தாய்மாமன். மேகம் சாப்பிடாமலே ஊர் திரும்பினார்.

சிரிக்கிற யாருக்கும் தெரியாத ஒன்று காம்பவுண்டில் இருந்த எங்களுக்குத் தெரியும். அவருடைய முதல் குழந்தை ஆடிக் காற்றில் இருமி இருமி மூன்றே மாதத்தில் போய்விட்டது. அதைப் பற்றி அவரும் பேசமாட்டார், அவர் மனைவியும் பேசமாட்டார். அந்தம்மாவை நான் மதினி என்று கூப்பிடுவேன். பல வருஷம் கழித்து, நல்ல பங்குனி வெயிலில், ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதன் மூக்கு அடைத்து விசில் சத்தம் கேட்ட அன்றைக்கே மேகம் முடிவு பண்ணிவிட்டார், குற்றவாளி காற்றுதான் என்று.

மில்லில் கழித்துப்போட்ட சுழல்தட்டு ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தார். ஒரு தகர டின், ஒரு மேஜை விசிறி. தட்டு சுழன்று தண்ணீரைப் புகையாக உதறும், விசிறி அதை அறைக்குள் தள்ளும். ஈரம் வெளியே போகக் கூடாதென்று ஜன்னலைச் சாக்கால் அடைத்தார். டின்னில் ஊற்றியது உப்புக் கரிக்கிற போர்த் தண்ணீர். குழாயில் நல்ல தண்ணீர் வருகிற நாளில் காம்பவுண்டே குடத்தோடு சண்டை போடும். அதைக் கொண்டுபோய் எந்திரத்தில் ஊற்ற எந்த வீட்டுக்கு மனசு வரும்?

சித்திரை மாதம் அருப்புக்கோட்டையில் துணி காயாத ஒரே வீடு அதுவாக ஆனது. அப்பளம் தட்டுக்கு வருவதற்குள் தொய்ந்துவிடும். தீக்குச்சி பற்றாது. ஜெபம் பண்ண வந்த போதகர் ஒருமுறை வேதாகமத்தைத் திறந்தார், பக்கங்கள் நெளிந்துகொண்டன. சங்கீதத்தை மனப்பாடமாகவே சொல்லிவிட்டுக் கிளம்பினார். உப்புத் தண்ணீர் காய்ந்து எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் பொடியாகப் படிந்தது. தொட்டிலில் பிள்ளை பவுடர் பூசின மாதிரி கிடந்தது. சுவர் வேர்த்து, மூலையில் கறுப்புப் புள்ளிகள் கிளம்பின.

மேகத்துக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. மில்லில் ஒரு நூல் அறுந்தால் ஈரம் பற்றவில்லை என்று அர்த்தம், தண்ணீரைக் கூட்டவேண்டும். அவர் கற்ற பாடம் அது ஒன்றுதான். பிள்ளை இருமினால் அவருக்கு எங்கோ நூல் அறுந்துவிட்டது. எழுந்துபோய்க் கூட்டுவார். கூட்டக் கூட்ட இருமல் கூடியது. இருமல் கூடக் கூட அவரும் கூட்டினார்.

"பிள்ளையும் நூலும் ஒண்ணா?" என்று மதினி கேட்டாள்.

"ரெண்டும் காத்துலதான் ஓடுது" என்றார்.

ஒரு மத்தியானம் பிள்ளை பால் குடிக்கவில்லை. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தது, உதடு நீலம் பாய்ந்திருந்தது. மில்லுக்குப் பஞ்சு ஏற்றிவந்த லோடு வேன் ஒன்றை மறித்து, ஆஸ்பத்திரிக்கு நானும் அவர்களோடு ஏறிக்கொண்டேன். வழிநெடுக மதினி பிள்ளையின் விலாவையே பார்த்துக்கொண்டு வந்தாள். மேகமோ, வேன் ஜன்னல் வழியாக வருகிற காற்று வறட்சியாக இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

டாக்டரம்மா பிள்ளைக்கு ஆக்சிஜன் வைத்துவிட்டு, வீட்டில் என்ன செய்தீர்கள் என்று விசாரித்தார். மேகம் எந்திரத்தை விவரித்தார். அந்த நேரத்திலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"அந்த டின்னை எப்பக் கழுவுவீங்க?"

"மில்லுல ஆயுத பூசைக்குக் கழுவுவோம், டாக்டரம்மா."

"வீட்டுல?"

"இன்னும் ஆயுத பூசை வரலைங்களே."

யாரும் சிரிக்கவில்லை. சளி நெஞ்சுக்கு இறங்கிவிட்டது. எந்திரத்தால் மட்டும் வந்தது என்று சொல்லமாட்டேன், ஆனால் எந்திரம் அதை நன்றாக வளர்த்துவிட்டிருக்கிறது என்றார் டாக்டரம்மா. தேங்கின தண்ணீரில் கிருமி வளரும், அதைப் பிள்ளை மூக்குக்கே ஊதியிருக்கிறீர்கள் என்றார். மேற்கொண்டு அவர் சொன்னது எனக்கு இன்னும் மறக்கவில்லை. மூக்கு காய்ந்தால் லேசான ஈரம் போதும். காய்ச்சி ஆறின நல்ல தண்ணீர் மட்டும். மிச்சத்தை அன்றன்றைக்குக் கொட்டி, பாத்திரத்தைத் தேய்த்துக் காயவைக்க வேண்டும். புகை தொட்டிலில் படக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும், சுவர் வேர்த்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். கொதிக்கிற தண்ணீரைப் பிள்ளை பக்கத்தில் வைக்கவே கூடாது.

 மேகத்தின் பார்வை ஆக்சிஜன் குழாயோடு இருந்த சின்னப் புட்டியில் நின்றிருந்தது. காற்று அந்தத் தண்ணீருக்குள் குமிழியிட்டுத்தான் பிள்ளைக்குப் போனது. நர்ஸைக் கூப்பிட்டு, "இத எப்பம்மா கழுவுனீக?" என்று கேட்டார். அடுத்த நர்ஸிடமும் கேட்டார். டியூட்டி மாறும்போதெல்லாம் கேட்டார். அந்த வார்டில் நர்ஸ்கள் அவரைப் பார்த்தாலே வேறு பக்கம் போகத் தொடங்கினார்கள். புட்டி மட்டும் பளபளவென்று இருந்தது.

பிள்ளை பிழைத்தது. வீசிங் மட்டும் கூடவே தங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் எந்திரத்தைப் பிரித்துப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டு, சாக்கை அவிழ்த்து, சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தார். அதற்குப் பிறகு அந்த அறைக்குள் அவர் காலெடுத்து வைக்கவில்லை. நிலைப்படிக்கு வெளியே உட்கார்ந்து பிள்ளையைப் பார்ப்பார். உள்ளே போனால் தன் மூச்சே கெடுத்துவிடும் என்று நினைத்தார் போல. மதினி பல நாள் பொறுத்துப் பார்த்தாள். ஒரு காலையில் பிள்ளையைத் தூக்கிவந்து அவர் மடியில் வைத்தாள். "புடிங்க. எனக்குத் துணி தொவைக்கணும்."

அவர் அசையவில்லை. பிள்ளை ஒருமுறை இருமியது. அவர் கை எதையோ தேடி எழுந்தது, பாதியில் நின்று, பிள்ளை முதுகுக்கு வந்தது. அப்படியே தட்டிக்கொடுத்தார். பிள்ளை தூங்கி எழுந்து மறுபடி தூங்கும்வரை காலை மாற்றிப் போடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு எழ முடியவில்லை, கால் இரண்டும் மரத்துப்போயிருந்தது. மதினி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடித்துத் தூக்கிவிட்டோம். எனக்கு அந்த மனுஷனை ரொம்பப் பிடிக்கும்.