மீசை வைத்த கீதா

தமிழ்நாட்டில் கீதாக்களுக்குப் பஞ்சமே கிடையாது. எந்தத் தெருவில் நின்று கூப்பிட்டாலும் இரண்டு ஜன்னலாவது திறக்கும். ஆனால் முறுக்கு மீசையும், கட்டட வேலைக்காரர்கள் போடும் மஞ்சள் ஹெல்மெட்டுமாக, பாறைமேலிருந்து சைக்கிளோடு உருண்டு வந்த கீதா எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.

அவர் எங்கள் கம்பெனி பஸ் டிரைவர். மறைமலைநகரில் கார் உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனி, எனக்கு ஸ்டோர்ஸில் வேலை. கூடுவாஞ்சேரியில் நாங்கள் ஏறி உட்கார்ந்ததும், கண்ணாடியில் எங்களை ஒரு பார்வை பார்த்து "அல்லாம் கீதா?" என்பார். எங்கள் பக்கத்தில் 'இருக்கிறதா' என்பதை 'கீதா' என்றுதான் சொல்வார்கள். அவர் கேட்பது ஆளையா, டிபன் பாக்ஸையா என்று யாருக்கும் தெரியாது. பின் சீட்டிலிருந்து "கீதுண்ணே!" என்று குரல் வந்தால்தான் கியர் போடுவார். அதனால் அவர் கீதா ஆனார். நிஜப் பெயர் என்னவென்று கேட்க எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

பஸ்ஸில் அவர் பரம சாது. ஜி.எஸ்.டி. ரோட்டில் எங்களை மாடுகள் முந்திக்கொண்டு போயிருக்கின்றன. லேட்டாகிறது என்று யாராவது கத்தினால், "உசுரோட வந்து சேந்துகினல்ல, அப்பால இன்னா?" என்பார்.

ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், உன்கைல கியர் சைக்கிள் கீதாமே? ஞாயித்துக்கெயம வா, மலை ஏறலாம்."

"எந்த மலைண்ணே?"

"மறைமலைநகர்ல வேலை செஞ்சிகினு ஒரு மலைகூட ஏறாம ரிட்டயர் ஆனா, சொந்தக்காரன் எவனாவது மதிப்பானா சார்?"

ஊர்ப் பெயரில் இருக்கும் மலையை அவர் நிஜமாகவே தேடியிருக்கிறார். ஊருக்குள் அது இல்லை என்று தெரிந்ததும் மனம் தளரவில்லை. செங்கல்பட்டு ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு பாறைக்குன்றைக் கண்டுபிடித்து, "இனிமே இதான் மலை" என்று அறிவித்துவிட்டார். குன்று ஒன்றும் ஆட்சேபிக்கவில்லை.

ஞாயிறு காலையில்தான் அவருடைய இன்னொரு முகத்தைப் பார்த்தேன். ஏறும்போது ஒழுங்காகத்தான் ஏறினார். இறங்கும்போது பிரேக்கைத் தொடவே இல்லை. "ஐயோ, பிரேக்கு! பிரேக்கு!" என்று நான் அலறிக்கொண்டே பின்னால் போனேன். முள்வேலிப் புதருக்குள்ளிருந்து பதில் வந்தது.

"வாரம் பூரா பிரேக்கு மேலயே காலு வெச்சிகினு கீறேன் சார். ஞாயித்துக்கெயமயும் பிரேக்கா?"

"விழுந்துட்டீங்களாண்ணே?"

"வுயல சார். எறங்கிகினேன்."

அவர் அப்படி இறங்காத ஞாயிறே கிடையாது. புதரில் இறங்குவார், ஏரி மதகில் இறங்குவார், ஒருமுறை யாரோ காயப்போட்டிருந்த கேழ்வரகில் இறங்கினார். அந்த அம்மாள் துடைப்பத்தோடு ஓடிவந்தது. "தப்பா நெனச்சிக்காத தாயி, சொம்மா கிளறிவுட்டேன். சீக்கிரம் காஞ்சிடும்" என்றார். அந்த அம்மாள் சிரித்து, மோர் கொடுத்து அனுப்பியது. எனக்கு மட்டும் கிடைக்கவில்லை.

இதெல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது, என் மனைவி விஜயா என் போனைப் பார்க்கும் வரை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் போன் அடிக்கிறது. எடுத்துப் பார்த்தால் 'கீதா'. போன வாரமும் கீதா. அதற்கு முந்தின வாரமும் கீதா.

"யாருங்க இந்தக் கீதா?"

"டிரைவர்ம்மா."

"ஓஹோ. பொம்பள டிரைவரா?"

"மீசை வெச்சிருப்பாரு."

விஜயா நம்பவில்லை. நம்புகிற மாதிரி நானும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவள் என்னோடும் என் சைக்கிளோடும் ரயிலேறி, செங்கல்பட்டில் ஆட்டோ பிடித்து, என் சைக்கிளுக்குப் பின்னாலேயே குன்று வரைக்கும் வந்தாள். அங்கே கீதா, மீசையை முறுக்கிக்கொண்டு நின்றிருந்தார். "வா தங்கச்சி! நாஸ்தா ஆச்சா?" என்றார். விஜயா அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அடுத்த வாரத்திலிருந்து எனக்கு நாலு இட்லி, கீதாவுக்கு ஆறு இட்லி. அக்கம்பக்கத்தில் யாராவது என்னைக் கேட்டால், "அவரு கீதாவோட மலைக்குப் போயிருக்காரு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். எங்கள் பிளாட்டில் ஆறு மாதம் யாரும் என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

பிறகு அவருக்கு ரிட்டயர்மென்ட் வந்தது. எனக்கு முதுகுவலி வந்தது. போன் தொலைந்து, புதுப் போன் வாங்கி, பழைய நம்பரெல்லாம் போனது. இன்று பேசலாம், நாளைக்குப் பேசலாம் என்று வருஷங்கள் ஓடி, நானும் ரிட்டயர் ஆனேன். சைக்கிள் பால்கனிக்குப் போனது. ஹேண்டில்பாரில் துண்டு, நடுக்கம்பியில் லுங்கி, சீட்டில் தலையணை உறை என்று துணி காயப்போட அதைவிட வசதியான சாமான் கிடையாது என்பாள் விஜயா. அப்புறம் அவளுக்கு உடம்புக்கு வந்தது. போன ஆடியில் போய்விட்டாள்.

வந்தவர்கள் எல்லாரும் "தைரியமா இருங்க" என்றார்கள். நானும் இருந்தேன். வெளிநாட்டிலிருந்து மகன் வீடியோ காலில், "அப்பா, ஏதாவது ஹாபி வெச்சுக்கோங்கப்பா" என்றான். சரி என்றேன். போனை வைத்த பிறகு வீட்டில் பேச ஆள் இல்லை. குக்கர்தான் ஒன்றிரண்டு வார்த்தை பேசும். பால்கனியில் துணி இல்லாமல் சைக்கிள் மட்டும் நின்றது. அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. துருவைத் துடைத்து, டயரை மாற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை குன்றுக்குப் போனேன்.

பாதி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. இறங்கும்போது சக்கரம் கல்லில் சறுக்கி, வாகாக ஒரு புதரில் போய் விழுந்தேன். அடி ஒன்றும் பெரிதில்லை. யாராவது பார்த்துவிட்டார்களா என்று பதறிப்போய்ச் சுற்றிலும் பார்த்தேன். ஒரு ஆடுகூட இல்லை. வெட்கப்படுவதற்குக்கூட ஒரு ஆள் வேண்டியிருக்கிறது! அந்த முள்ளுக்குள் உட்கார்ந்துதான் முடிவு செய்தேன், கீதாவைத் தேடிக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று.

பேர் தெரியாத மனுஷனை எப்படித் தேடுவது? கம்பெனி பஸ் நிற்கிற இடத்து டீக்கடையில் விசாரித்தேன். "மஞ்ச ஹெல்மெட்டு அண்ணாத்தயா? பொண்ணு வூட்டோட பூட்டாரு சார். நெம்மேலி தாண்டி, கடலாண்ட" என்றார் டீ மாஸ்டர். பேர் அவருக்கும் தெரியவில்லை.

மறுநாளே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். காயார் வழியாகத் திருப்போரூர், அங்கிருந்து ஈ.சி.ஆர். நெம்மேலி தாண்டி, வலை காயும் ஒரு குப்பத்தில் போய் நின்றேன். மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மாளிடம் என்ன கேட்பது? வாயில் வந்ததைக் கேட்டேன்.

"ஏம்மா, இங்க கீதா இருக்காரா?"

"நான்தான் கீதா. இன்னா வோணும், சங்கராவா வவ்வாலா?"

"நீங்க இல்லம்மா. இது மீசை வெச்ச கீதா."

சுற்றி இருந்த பெண்கள் எல்லாரும் கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். "வெயில்ல வந்துகீறாரு, தண்ணி குடு" என்றாள் ஒருத்தி. நான் ஹெல்மெட்டைச் சொன்னேன், சைக்கிளைச் சொன்னேன், விழுந்து எழுவதை நடித்தும் காட்டினேன்.

"அட, நம்ம மலையாரா!" என்றாள் மீன்கார கீதா. "மறைமலைநகர்லேர்ந்து வந்துகீறாரே, அவரு. தோ, அங்க மண்ல புதைஞ்சிகினு கீறாரு பாரு."

நிஜமாகவே புதைந்துதான் இருந்தார். மலையே இல்லாத கடற்கரையில், மவுண்டன் சைக்கிளின் முன் சக்கரம் மணலுக்குள் போய்விட்டது. மேலே உட்கார்ந்துகொண்டு விடாமல் மிதித்துக்கொண்டிருந்தார். மீசை வெளுத்திருந்தது. என்னைப் பார்த்தார். எத்தனை வருஷம் ஆயிற்று என்கிற கணக்கே அவருக்கு இல்லை.

"இன்னா சார், இவ்ளோ லேட்டு?"

பிறகு பேச்சுதான். மகள் நல்லவள். மருமகன் தங்கம். பேரப்பிள்ளைகள் டியூஷன் போய்விடுகிறார்கள். வீட்டில் எல்லாருக்கும் வேலை இருக்கிறது, அவருக்குத்தான் இல்லை. "பொழுது ஒரே பேஜாரா கீது சார். அல அடிச்சிகினே கீது. அது கைல எவ்ளோதான் பேசறது?" என்றவர், என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி எப்டி கீது? ஆட்டோல வருதா?"

"இல்லண்ணே. போன ஆடியில போய்ட்டா."

அவர் சைக்கிளை விட்டு இறங்கினார். அப்புறம் அந்தக் கடற்கரையில், மீன்காரப் பெண்கள் எல்லாரும் பார்க்க, சின்னப் பிள்ளை மாதிரி விசும்பி அழுதார். "இன்னா சிரிப்பு சிரிச்சிது சார் அன்னிக்கு! இன்னா சிரிப்பு!" என்று மறுபடி மறுபடி சொன்னார். எனக்குத் தைரியம் சொல்ல அவருக்குத் தோன்றவே இல்லை. அதற்கு நான் என்றைக்கும் அவருக்குக் கடமைப்பட்டவன். ஒரு வருஷமாக வராத அழுகை எனக்கும் அப்போதுதான் வந்தது. மீன்கார கீதா தண்ணீர்ச் செம்பை எங்கள் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனாள்.

கிளம்பும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கெயம வா சார். மறந்துடாத" என்றார்.

மறப்பதாவது! சனிக்கிழமை காலையிலேயே எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஒரு பகல், ஒரு ராத்திரி இருந்தது. பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். போய் நின்று என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே மிதித்தேன். காயார் தாண்டியிருப்பேன், எதிரே தூரத்தில் மஞ்சளாக ஏதோ ஆடிக்கொண்டு வந்தது. கிட்டே வந்ததும் இரண்டு பேரும் நின்றோம்.

"இன்னிக்கு சனிக்கிழமைண்ணே" என்றேன்.

"தெர்யும் சார்" என்றார், தரையைப் பார்த்தபடி. "நாளிக்கு வரைக்கும் தாங்கல."