மூன்று அங்குலம் உயர்ந்தவர்

வண்டி வைத்திருப்பவர்களை இரண்டாகப் பிரிக்கலாம்: வண்டியில் போகிறவர்கள், வண்டியைத் தூக்கியவர்கள். முதல் வகையினரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஏறுகிறார்கள், போகிறார்கள், இறங்குகிறார்கள். கம்பெனி செய்து கொடுத்த ஜீப்பை ஒரு கேரேஜில் விட்டு, அதன் ஸ்பிரிங்குகளைக் கழற்றிப் போட்டு, நீளமும் விறைப்பும் கூடிய வேறு ஸ்பிரிங்குகளை மாட்டி, அந்த உயரத்துக்கு ஏற்றாற்போல் டயரையும் பெரிதாக்கி, மூன்று அங்குலம் மேலேறி வந்து, கீழே நிற்கும் நம்மைக் குனிந்து பார்த்து, "சும்மா ஒரு ரவுண்டு வாங்களேன்" என்று அழைப்பவர் இரண்டாம் வகை. போய்விடாதீர்கள்.

போனால் என்ன ஆகும்? முதலில் ஏற வேண்டும். அதற்கு ஒரு கை மேலேயும் ஒரு முழங்கால் சீட்டிலும் மிச்சமுள்ள மானம் தெருவிலுமாகச் சிறிது நேரம் தொங்க வேண்டும். வண்டி கிளம்பியதும் ஒரு புதிய மொழியைக் கற்றுக்கொள்வீர்கள். 'குலுக்கல்' என்ற சொல் அதில் கிடையாது. பள்ளத்தில் இறங்கித் தலை கூரையில் இடித்தால் அது 'ஃபீட்பேக்'. வளைவில் வண்டி சாய்ந்து நீங்கள் கதவோடு ஒட்டிக்கொண்டால் 'கேரக்டர்'. நேர் ரோட்டில் ஸ்டியரிங் தன் போக்கில் அலைந்தால், 'வண்டிக்கு உசிரு இருக்கு.'

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். சக்லேஷ்பூர் பக்கம் பாறையும் சேறுமான மலைவழியில், கூடாரம், தண்ணீர்க் கேன், பெட்டிகள் எல்லாம் ஏற்றிக்கொண்டு போனால், தூக்கிய வண்டி அடிவயிறு தட்டாமல் ஏறும். அதற்காகத்தான் அந்த ஸ்பிரிங். ஆனால் நம்மவர் அங்கே போனது ஒரே முறை, போட்டோ எடுக்க. மற்ற நாளெல்லாம் ஆபீஸ் பையும் டிபன் பாக்ஸும் மட்டுமே ஏற்றிக்கொண்டு நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சிக்னலில் நிற்கிறார். அவ்வளவு லேசான சுமைக்கு அந்த ஸ்பிரிங் வளைந்து கொடுக்காது. அது வளையாததால் முதுகெலும்பு வளைகிறது. ஒரு பொருள் நம்மைத் துன்புறுத்தினால் அதை விட்டுவிடுகிறோம். நாமே தேடிப் போய் வாங்கிய பொருள் துன்புறுத்தினால் அதற்கு ஒரு தத்துவம் கண்டுபிடிக்கிறோம்.

விவேக் நகர் சாலமன் இந்த இனத்துக்கு நல்ல மாதிரி. அவர் மனைவி பிரிசில்லா வீட்டிலேயே கேக் செய்து விற்பவர். பிறந்தநாள் கேக்குகளாகவே செய்துகொண்டிருந்தவருக்கு முதன்முதலாக ஒரு கல்யாண கேக் கிடைத்தது. மூன்று அடுக்கு, உச்சியில் சர்க்கரையில் செய்த பெண்ணும் மாப்பிள்ளையும். பொம்மனஹள்ளி மண்டபத்துக்கு அது முழுசாகப் போய்ச் சேர்ந்தால், தன் கல்யாண ஆர்டர்களை எல்லாம் அவருக்கே தருவதாகக் கேட்டரிங்காரர் பாலகுமார் சொல்லியிருந்தார்.

"கேப் புக் பண்றேங்க."

"இவ்ளோ பெரிய வண்டி வாசல்ல நிக்குது. கேப்புல போனா பாக்கறவன் இன்னா நெனப்பான்?"

"பாக்கறவனுக்கா கேக்கு? வண்டி தூக்கித் தூக்கிப் போடுதுங்க."

"வெயிட் இல்லாததால அப்படித் தெரியுது. வெயிட் ஏத்துனா மெத்த மாதிரி போவும்."

இதில் பாதி உண்மை. பாதி உண்மையால் விளையும் கேட்டை முழுப் பொய்கூடச் செய்துவிட முடியாது. உடனே மைத்துனன் எரிக்குக்கு ஆள் போயிற்று. எரிக் கொஞ்சம் பருமன்.

"டேய் மச்சான், பின்னாடி ஏறிக் குந்து."

"எதுக்கு மாமா?"

"ஸ்பிரிங்குக்கு."

எரிக் ஏறினான். இரு பக்கமும் இரண்டு அரிசி மூட்டை. மடியில் கேக். முன்னால் சாலமன் பக்கத்து சீட்டில் பிரிசில்லா. முதல் வேகத்தடை, அதாவது ஹம்ப், வந்தது.

"அக்கா, மாப்ள விழுந்துட்டாரு."

"பொண்ணு?"

"பொண்ணு நிக்குது."

"பாத்தியா!" என்றார் சாலமன். "சக்கத்தா, சூப்பரா நிக்குது. பழைய ஸ்பிரிங்கா இருந்தா ரெண்டு பேரும் காலி."

இரண்டாவது ஹம்பில் மேல் அடுக்கு ஒரு பக்கமாக நழுவி, எரிக்கின் நெஞ்சில் சாய்ந்தது. பிரிசில்லா வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். கத்தவில்லை.

"ஏங்க, குலுங்குதுன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. சொன்னா இதுலயே மெதுவா உருட்டிக்கிட்டுப் போயிடலாம்."

சொன்னால் என்ன குறைந்துவிடும்? சாலமன் ஸ்டியரிங்கைப் பார்த்தார், கண்ணாடியில் எரிக்கின் சட்டையைப் பார்த்தார், உதட்டைக்கூட லேசாகத் திறந்தார். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் கேரேஜும் டயரும் நண்பர்களுக்குச் செய்த பிரசங்கங்களும் வரிசையாக நின்றன.

"குலுங்கலம்மா. ரோடு பேசுது."

"அப்போ நீங்க பேசிட்டு வாங்க."

பிரிசில்லா இறங்கிவிட்டார். ஒரு சின்னப் பழைய வாடகைக் காரைப் பிடித்தார். எரிக்கும் கேக்கோடு அதில் மாறிக்கொண்டான். டிரைவர் ஒவ்வொரு ஹம்பிலும் தூங்கும் குழந்தையைத் தாண்டுவதுபோல் ஏறி இறங்கினார். மண்டபத்தில் பிரிசில்லா மேல் அடுக்கை எடுத்து மறுபடி உட்கார வைத்தார். சரிந்த பக்கத்தில் கிரீமில் ரோஜாக்களை வைத்தார். மாப்பிள்ளையின் முகத்தைத் துடைத்து நிறுத்தினார். பாலகுமார் கேக்கைச் சுற்றி வந்தார். "பூவெல்லாம் ஒரே பக்கமா வெச்சிருக்கீங்க. புதுசா இருக்கும்மா. அடுத்த மாசக் கல்யாணமும் நீங்களே பண்ணிடுங்க."

அப்போதுதான் சாலமன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். எரிக் இறங்கிவிட்டதால் வண்டி அவரிடம் நிறையப் பேசியிருக்க வேண்டும்.

"நான் பின்னாடியே எஸ்கார்ட் வந்தேன்ல? அதான் கேக்கு பத்திரமா வந்துச்சு."

பிரிசில்லா வீடு திரும்பும்போதும் அந்தச் சின்னக் காரையே கூப்பிட்டார். சாலமன் தன் உயரத்தில் தனியாகத் திரும்பினார்.

உங்களிடம் ஜீப் இல்லை, அதனால் நிம்மதியாகச் சிரிக்கிறீர்கள். ஜீப்தான் வேண்டுமா? நீங்கள் ஆசைப்பட்டு வாங்கிய கட்டில், அடம்பிடித்துக் குடியேறிய வீடு, ஊரெல்லாம் புகழ்ந்து பேசிய ஏதோ ஒரு முடிவு, இப்படி ஏதாவது இருக்கும். அது இடிக்கிறது என்று வீட்டில் யாரோ முன்பெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது சொல்வதில்லை. பழகிவிட்டது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எதற்கும் ஒருமுறை பக்கத்து சீட்டைத் திரும்பிப் பாருங்கள். ஆள் இருக்கிறாரா?