என் பெயர் வைத்த கொரில்லா

கினிகி,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் ருகெமா அவர்களுக்கு,

உங்கள் தொழுவத்தில் மாடு பெருகட்டும், பெருகுவதெல்லாம் பசுவாகவே இருக்கட்டும். இங்கே நானும் உங்கள் தங்கை ஜெனெரோசாவும் நம் பால் கடையும் சுகம். என் மானம் மட்டும் சுகமில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நம்ம மகள் உவேராவைப் பெண் கேட்டு வரும் கத்தேதே, மலைக்காட்டில் கொரில்லாக்களின் தடம் பார்க்கிற பையன். நல்லவன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சமீபத்தில் முதுகு நரைத்த ஆண் கொரில்லா ஒன்று புதிதாக வந்து சேர, தடம் பார்க்கிறவர்கள் கூடிப் பெயர் வைத்தார்களாம்; வருங்கால மாமனாரைக் குளிர வைக்கிறேன் என்று இவன் அதற்கு 'செருகெண்டோ' என்று என் பெயரையே வைத்துவிட்டான். கேட்டால், "காட்டுல இதைவிடப் பெரிய மரியாதையே கிடையாது மாமா" என்கிறான். பயணக்காரன் என்று அர்த்தமுள்ள பெயரைச் சந்தையைத் தாண்டாத எனக்கு என் அப்பா வைத்ததே வேடிக்கை, இப்போது கடைக்குப் பால் குடிக்க வருகிறவனெல்லாம் மீசையில் நுரையோடு, "செருகெண்டோ நேத்து மூங்கில் குருத்தைத் தின்னுட்டு நாள் பூரா மல்லாந்து கிடந்தானாமே?" என்கிறான். இன்னொருவன், "அடுத்த குடும்பத்துப் பொம்பளைய இழுத்துட்டு வந்துட்டானாமே, ஜெனெரோசாவுக்குத் தெரியுமா?" என்கிறான்.

உங்கள் தங்கை, "ஒரு தடவை நேர்ல பாத்துட்டு அப்புறம் கோவப்படுங்க" என்றாள். ஊர்க்காரர்களை மேலே கூட்டிப் போகிற நாளில் நாங்களும் கிளம்பினோம். போன இடத்தில் சேறு என் ஒரு ஷூவை விழுங்கியது, பிடிமானத்துக்கு எட்டிப் பிடித்தது காஞ்சொறிச் செடி, வழுக்கி உட்கார்ந்ததும் அதன் மேல்தான், எந்தப் பக்கத்தை முதலில் சொறிவது என்று யோசித்துக்கொண்டே ஏறினால், அங்கே என் பெயர்க்காரன் தொந்தியைப் பரப்பிக்கொண்டு தண்டு மென்றுகொண்டிருக்கிறான். உங்கள் தங்கை, கொரில்லாவுக்குச் சளி தொற்றாமலிருக்க எங்களுக்குக் கட்டிவிட்ட முகக்கவசத்துக்குள்ளிருந்து, "ஐயோ, உக்கார்றதுகூட உங்கள மாதிரியேதாங்க!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவனுக்கு அது பிடிக்கவில்லை. எழுந்து, நெஞ்சில் அறைந்துகொண்டு, நேராக என்னைப் பார்த்து வந்தான்.

"ஓடாதீங்க மாமா! குனிங்க! இலையத் தின்ற மாதிரி பண்ணுங்க!" என்று கத்தேதே என் தோளை அழுத்தினான். குனிந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன், மச்சான். 'மாதிரி' என்றது காதில் விழாததால் இலையை நிஜமாகவே தின்றேன். அது என்ன இலை என்பதை வீங்கிய உதடு இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அவன் என் காதோரம் ஒரு தண்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். ஊரில் இப்போது, செருகெண்டோ காலில் செருகெண்டோ விழுந்தான் என்று பேச்சு.

ஆகவே, பெண் கேட்டு வருகிற அன்று நம் பக்கம் பேசப்போகிறவர் நீங்கள். வழக்கமாக முதலில் முறுக்கிக்கொண்டு பிறகு இறங்கி வருவோம். இந்த முறை இறங்கவே வேண்டாம். பெண்ணுக்குப் பரிசமாக எத்தனை நல்ல பசுவைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் சம்பந்தம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். உவேரா அழுகிறாள். எனக்கும் தாங்கவில்லைதான். ஆனால் மனுஷனுக்கு மானம் என்று ஒன்று இருக்கிறதே.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உங்கள் வீட்டுப் பால்குடம் என்றும் காயாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
செருகெண்டோ (மனிதன்)

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் கத்தேதே மழையில் நனைந்துகொண்டு கடைக்கு வந்தான். வேறொரு ஆண் வந்து சண்டை போட்டு, செருகெண்டோவின் கையைக் கிழித்துவிட்டானாம். பெண்களும் விட்டுப் போய்விட, தன்னந்தனியாக உட்கார்ந்திருக்கிறானாம். கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "சாப்பிட்டானா?" என்று கேட்டேன். "ரெண்டு தண்டு கடிச்சான் மாமா. நாளைக்கு விடியுமுன்னே போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றான். பெண் கேட்கிற அன்று முறுக்கவே வேண்டாம். வந்ததும் சரி என்று சொல்லிவிடுங்கள். மாப்பிள்ளை சீக்கிரம் மலைக்குத் திரும்ப வேண்டும்.