நீலவிளக்குச் சித்தரின் வேட்டி

நிலாவுக்கு விண்கலம் அனுப்பிய அதே இரண்டாயிரத்து எட்டாம் வருஷம், திருவொற்றியூரில் ஒரு சந்து முழுக்க ஜனம் வரிசை கட்டி நின்றது. ரேஷன் மண்ணெண்ணெய்க்கா? இல்லை. கையில் தன் மூத்திரத்தை ஏந்திக்கொண்டு, நீலவிளக்குச் சித்தரின் தரிசனத்துக்கு!

கொண்டுவந்ததைச் சித்தரின் குவளையில் ஊற்ற வேண்டும். இருட்டறையில் நீலவிளக்கைக் காட்டுவார். குவளை மின்னினால் மூத்திரப்பையில் புற்றுநோய். பரிகாரம் செய்துவிட்டு வந்தால் மின்னாது, குணமாகிவிட்டது! இந்த டாக்டர்கள் எதற்கு வருஷக்கணக்கில் படிக்கிறார்களோ, பாவம்.

கார்குழலி மட்டும் இதை நம்பவில்லை. அவள் புருஷன் ஜெயவேலுக்குச் சாயத் தொழிற்சாலையில் வேலை. சிறுநீர் சிவப்பாகப் போனபோது, "சாயத்துல நிக்கிறவனுக்கு சாயந்தான் போவும்" என்று கூட்டாளிகள் சிரித்தார்கள். எச்சிலைக்கூடக் கலராகத் துப்புகிறவர்கள், வேறென்ன நினைப்பார்கள்? அவள்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். "இது சாயமில்லம்மா, ரத்தம்" என்றார் டாக்டர். மூத்திரப்பைக்குள் மருந்து ஏற்றி, குழாய்க் கேமராவை விட்டு, நீல வெளிச்சத்தில் பார்க்க வேண்டுமாம். சாதா வெளிச்சத்துக்குத் தப்புகிற ஆரம்பப் புற்றுகூட அதில் சிவந்து தெரியுமாம். குழாய் எந்த வழியாகப் போகும் என்று கேட்டதும் ஜெயவேல் எடுத்தான் ஓட்டம்.

அந்த நீல வெளிச்சப் பேச்சு ஊருக்குள் பரவியதும் சித்தர் முளைத்தார். குழாயும் இல்லை, ஊசியும் இல்லை. ஜெயவேலின் குவளை மின்னியது. பரிகாரம் நடந்தது. ரத்தமும் நின்றது. இந்த நோயில் ரத்தம் தானாக நிற்கும், மறுபடி வரும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். யார் காதில் விழுந்தது?

"அதான் நின்னுச்சே! அப்பால இன்னாத்துக்கு ஆஸ்பத்திரி?" என்றான் ஜெயவேல்.

"கண்கண்ட தெய்வம்டி! எனக்கும் மின்னலு நின்னுபோச்சு" என்றாள் பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா.

"சரிய்யா, இன்னிக்கு சாமியாண்ட நானும் வரேன். இது உடான்ஸுன்னு காட்டிட்டா நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வரணும், இன்னா?" என்றாள் கார்குழலி.

"வரேன் போ. சாமிகிட்ட உன் வாய் செல்லாது."

இருட்டறையில் நெருக்கியடித்துக் கூட்டம். விளக்கைப் பார்த்ததுமே கார்குழலிக்குச் சிரிப்பு முட்டியது. சித்தர் குவளைகளை இரண்டு தட்டுகளில் பிரித்து வைத்திருந்தார். புதிதாக வந்தவர்களுக்கு இடது தட்டு, பரிகாரம் முடித்தவர்களுக்கு வலது தட்டு. அவள் இடது தட்டிலிருந்து ஒன்றை எடுத்தாள். தண்ணீர்ப் பாக்கெட்டைப் பல்லால் கடித்து எல்லார் கண்ணெதிரிலும் அதில் ஊற்றி, விளக்கடியில் வைத்தாள். குவளை ஜெகஜ்ஜோதியாக மின்னியது.

"சாமி, பாக்கெட் தண்ணிக்கும் புத்து கீதா?"

"தீட்டு! தீட்டு! வெளியே போ பெண்ணே!" என்று சித்தர் எழுந்தார்.

அவள் விளக்கைத் தூக்கி அவர் பக்கம் திருப்பினாள். வெள்ளை வேட்டி மொத்தமும் பளீரென்று எரிந்தது.

"அய்யய்யோ! சாமிக்கு இடுப்புலேர்ந்து கணுக்கால் வரைக்கும் புத்து!"

இருட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு அறையே சிரித்தது.

"இது கள்ளநோட்டு பாக்குற லைட்டு. வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடை கல்லாவுல டெய்லி இத்த வச்சிகினுதான் குந்திகினு கீறேன். சோப்புத்தூள் பட்டது எதுவும் இதுல மின்னும். புதுசா வர்றவனுக்கு சோப்புத்தூள் பூசின குவளை, காசு குடுத்தவனுக்கு நல்லா கழுவின குவளை. இதான்யா உங்க சாமி!"

சித்தர் அந்த வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்வாசலில் பாய்ந்தார். கூட்டமும் பின்னாலேயே பாய்ந்தது.

மறுநாளே ஜெயவேல் பல்லைக் கடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தான். சாதா வெளிச்சத்தில் டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை. நீல வெளிச்சத்தில் சிவப்பாக ஒரு சின்னத் திட்டு. கிள்ளி எடுத்துச் சோதித்தார்கள். புற்றேதான், ஆரம்பம். "பரிகாரம் பண்ணிக்கிட்டே இருந்திருந்தா பையையே எடுக்க வேண்டி வந்திருக்கும்" என்றார் டாக்டர். ஜெயவேல் பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

வீடு திரும்பியதும் கோவிந்தம்மா ஓடிவந்தாள். "ஏண்டி, அந்த டாக்டரு லைட்டுக்கு எந்த சாமி அருளு?"

கார்குழலி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏன், எப்டின்னு கேள்வி கேட்டவன் அருளு ஆயா! நாளைக்கு உன்னிய இட்டுகினு போறேன், நீயும் வாயத் தொறந்து டாக்டராண்ட ஒரு கேள்வி கேளு. எதுன்னா பதில் மின்னுதான்னு பாப்போம்."