நாற்பதாம் பக்கத்துப் படகு

‘படகு கரையை விட்டு மெல்ல நகர்ந்தது’ என்று நாற்பதாம் பக்கம் தொடங்கியது. பதிப்பகத்தில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் பிழை திருத்துகிறவள், அதில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

தண்ணீர் சிலுசிலுத்தது. துடுப்பு போடுகிறவரின் முகம் தெரியவில்லை. அக்கரையில் ஒரு வெள்ளை வீடு, மாடியில் உலரும் நீலத் துணி...

திடுக்கிட்டுத் தாளைத் திருப்பினாள். ‘படகு கரையை விட்டு மெல்ல நகர்ந்தது.’

அட, இன்னும் இங்கேயேதானா? திருப்பினோமா, திருப்பியதாகக் கனவு கண்டோமா?

நாலு மணிக்கு நாவல் அச்சுக்குப் போக வேண்டும். போன மாதம் ஜன்னல் வழியே மேகத்தைப் பார்த்துக்கொண்டே, எழுத்தாளர் பெயரிலேயே ஓர் எழுத்தைக் கோட்டை விட்டவள் அவள். “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா” என்று பதிப்பாசிரியர் அப்போதே சொல்லியிருந்தார்.

முகம் கழுவிக்கொண்டு வந்தாள். வரிக்கு வரி அடிக்கோல் வைத்துப் படித்தாள். பிழையே இல்லை. திருப்பினாள். படகு நகர்ந்தது.

வாய்விட்டுப் படித்தாள். அடுத்த மேசையில் அட்டைப்படம் வரைகிறவர் தூரிகையை டீக்குள் முக்கிவிட்டு, “காத்து ஜில்லுன்னு வருதுல்ல?” என்றார்.

“அய்யோ, உங்களையும் கெடுத்துட்டேனா?”

மூன்றரைக்குப் பதிப்பாசிரியரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “நீங்க படிங்க. மனசு எங்க ஓடுதுன்னு நான் பாத்துக்கறேன்.”

பாதிப் பக்கத்தில் அவர் கன்னத்தில் கை வைத்தார். அவருடைய செல்போன் அடித்து ஓய்ந்தது.

“அக்கரைக்கு இன்னும் எவ்வளவு நேரமாகும்?” என்று முனகினார்.

அவள் தாளைத் திருப்பினாள். மறுபடியும் படகு. கண் கலங்கிவிட்டது.

“சார், இந்த வேலை எனக்குச் சரிப்படாது. ஒரு பக்கத்தைத் தாண்ட முடியல. வேற ஆளைப் பாத்துக்கங்க.”

அவருக்கும் அதே படகுதான் தெரிந்தது.

அப்போது கணினி அறையிலிருந்து தட்டச்சுப் பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“கோவிச்சுக்காதீங்கக்கா! பிரிண்டர் மக்கர் பண்ணி, உங்க கட்டுல நாப்பதாம் பக்கமே பதினோரு தாள் வந்திருக்கு. மீதிக் கதை இந்தாங்க!”